பாலக்கரை நண்டு வண்டி

பாலக்கரை அற்புதம்மாளுக்கு 1955-ஆம் வருடத் தவக்காலத்திலிருந்து சொந்த மூச்சு கிடையாது. அவளுடைய கணவர் தைரியராஜின் பழைய பேபி காரை அரை மணி நேரம் ஓட்டினால் அவளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மூச்சு வரும். கால் மணி ஓட்டினால் ஆறு மணி நேரத்துக்கு வரும். அவள் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும், என்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், வேறொன்றும் வேண்டியதில்லை. நின்ற இடத்திலேயே என்ஜின் உறுமினாலும் மூச்சு வரும், ஆனால் பாதிதான். பாலக்கரையில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். காலை ஆறரைக்கும் மாலை ஆறுக்கும் அந்த வண்டி தெருவில் இறங்கும்போது பால்காரர்கள் சைக்கிளை ஒதுக்கிக்கொள்வார்கள், கட்டை வண்டிக்காரர்கள் மாட்டை இழுத்துப் பிடிப்பார்கள். ஒருவரும் காரணம் கேட்டதில்லை.

தைரியராஜ் மேலப்புதூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். மதுரைக்குத் தெற்கே போனதில்லை, ஆனால் தென் அமெரிக்காவின் ஆறுகளைக் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வரைவார். 1953-இல் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கும் வேலைக்காக ஸ்ரீரங்கம் வடக்கு உத்திர வீதிக்குப் போனவர், ஓய்வுபெற்ற ரிஜிஸ்திரார் சடகோபாச்சாரியாரின் வீட்டுக் கொல்லைக் கொட்டகையில் இரண்டு பேபி கார்களைப் பார்த்தார். சடகோபாச்சாரியாரும் அவருடைய தமையனாரும் 1934-இல் ஒரே நாளில் வாங்கியவை அவை. முன்னால் இரண்டு பேர் நெருக்கி உட்காரலாம், பின்னால் இன்னும் இரண்டு பேர் முழங்காலை மடக்கி உட்காரலாம். சக்கரங்கள் சைக்கிள் சக்கரத்தைவிடக் கொஞ்சம் தடிமன். தமையனார் காலமாகிவிட்டதால் அவருடைய வண்டியை யாராவது எடுத்துக்கொண்டு போனால் தேவலை என்று சடகோபாச்சாரியார் சொன்னார். தவிட்டு மூட்டைகளுக்குக் கீழே கிடந்த அந்த வண்டியைப் பார்த்த நிமிஷத்தில் தைரியராஜுக்கு என்னவோ ஆகிவிட்டது. வாக்காளர் பட்டியலை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை ஒரு கட்டை வண்டியின் பின்னால் கட்டி, காவேரிப் பாலத்தின் மேல் இழுத்துக்கொண்டு வந்துசேர்ந்தார்.

அற்புதம்மாளுக்கு வண்டியைக் கண்ணில் காணவே பிடிக்கவில்லை. ஊரில் செவர்லே ஓடுகிறது, புது மாதிரி கார்கள் வரப்போகின்றன என்று பேச்சு. இவரோ ஒரு தகரப் பெட்டியை வாங்கிவந்து, மரக்கடைப் பகுதி மெக்கானிக் அப்துல் சலாமின் பட்டறையில் ஞாயிறு பூராவும் அதன் கீழே படுத்துக்கிடந்தார். சாக்பீஸ் தூளும் கிரீஸும் கலந்து அவர் நகங்களில் ஒரு சாம்பல் நிறம் ஏறியது, அது பிறகு போகவே இல்லை. வண்டி எப்போதும் கொஞ்சம் இடப்பக்கமாக ஒதுங்கி ஓடும், அதனால் தெருப் பிள்ளைகள் அதற்கு நண்டு என்று பேர் வைத்தார்கள். "இதுல உக்காந்து கோயிலுக்கு வந்தா, பூசை முடிஞ்சு வெளியில வர்ற அத்தனை பேரும் என்னைத்தான் பார்ப்பாங்க. நான் நடந்தே வரேன்" என்றாள் அற்புதம்மாள். இரண்டு வருடம் அப்படித்தான் நடந்தது. அவள் ஓரமாக முக்காட்டோடு நடப்பாள், அவர் பக்கத்திலேயே அவள் நடைக்கு ஈடாக வண்டியை உருட்டிக்கொண்டு வருவார். இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

அந்தத் தவக்காலத்தில், குருத்து ஞாயிற்றுக்கு முந்தின புதன்கிழமை, அவளுக்கு இளைப்பு கண்டது. மத்தியானம் உதடு நீலம் பாரித்தது. ஜட்கா வண்டி கிடைக்கவில்லை. தைரியராஜ் அவளைத் தூக்கிக் காரில் போட்டு, முன்பக்கக் கைப்பிடியைச் சுழற்றிக் கிளப்பினார். பெரிய மாதா கோயிலைத் தாண்டுவதற்குள் அவள் மூச்சு நின்றுவிட்டது. அவர் அழுதுகொண்டே ஆக்ஸிலேட்டரை மிதித்தார். என்ஜின் திணறி, பிறகு சீராகி, டக டக டக என்று ஓடத் தொடங்கியதும் அவளுடைய மார்பும் அதே தாளத்தில் ஏறி இறங்கியது. ஆஸ்பத்திரி வாசலில் அவர் என்ஜினை அணைத்தார், மூச்சு நின்றது. மறுபடி கிளப்பினார், மூச்சு வந்தது. வெளியில் வந்த டாக்டர் இரண்டு முறை அணைக்கச் சொல்லியும் கிளப்பச் சொல்லியும் பார்த்துவிட்டு, "இன்ஜெக்ஷன் வேண்டாம். வண்டியைப் பத்திரமா வெச்சுக்குங்க" என்று சொல்லி உள்ளே போனார்.

வேறு வண்டிகளில் உட்கார வைத்துப் பார்க்காமல் இல்லை. பங்குச் சாமியாரின் ஜீப்பில் உட்கார்ந்தாள், டாக்ஸியில் உட்கார்ந்தாள், பொன்மலை வரைக்கும் ரயிலில் போய்வந்தாள். ஒன்றும் சேரவில்லை. நண்டில் உட்கார்ந்தால் மட்டும் ஓரிரு நிமிஷத்தில் என்ஜினின் தாளம் அவள் விலா எலும்புக்குள் போய்ச் சேர்ந்துகொள்ளும், மார்பின் விசில் சத்தம் அடங்கும், விரல்கள் சூடாகும். எந்த வண்டியில் ஏறமாட்டேன் என்றாளோ அதிலேயே தினம் இரண்டு வேளை போக வேண்டியதாயிற்று. முதல் மாதம் முக்காட்டை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு வந்த ஆறு வருடங்கள் தைரியராஜின் தலைமுடியில் தெரிந்தன. இங்கிலாந்திலிருந்து உதிரிப் பாகங்கள் வருவது நின்றுபோயிருந்தது. வால்வு ஸ்பிரிங் உடைந்தால் ஹார்மோனியக்காரரிடம் கம்பி வாங்கிச் சுற்றினார். கேஸ்கெட்டைப் பழைய உலகப் படத்தின் அட்டையில் வெட்டினார், ஆப்பிரிக்கா ஒரு வருடம் தாங்கியது. தண்ணீர் பம்பு இல்லாத என்ஜின் அது, சித்திரையில் பாலத்தின் மேல் கொதிக்கும். ஒவ்வொரு சத்தத்தையும் அவர் காது கேட்டுக்கொண்டிருந்தது. வகுப்பில் பாடம் நடத்தும்போதே பாதி வாக்கியத்தில் நின்று, காலையில் கேட்ட ஒரு கிளிக் சத்தம் எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசிப்பார். மனைவி உட்கார்ந்திருக்கும்போது அவள் முகத்தைப் பார்ப்பதை அவர் நிறுத்திவிட்டார். எண்ணெய் அழுத்தம் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் அவள் கேட்டாள், "ஏங்க, நான் பக்கத்துல இருக்கேன்னு ஞாபகம் இருக்கா?" அவர் முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "இருக்கு, அதனாலதான்" என்றார். அத்தனை தூரம் வண்டி தாங்காது என்பதால் அவள் தங்கை கல்யாணத்துக்குத் திண்டுக்கல் போக முடியவில்லை. வேளாங்கண்ணிக்குப் போக முடியவில்லை. காரை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் காய்ச்சலில் படுத்தால் என்ன ஆகும் என்று நினைத்து அவர் காய்ச்சலில் படுக்கவே இல்லை. 1957-இல் ஊரெல்லாம் விஷக்காய்ச்சல் அடித்தபோதும் அது அவரைத் தாண்டிப் போனது.

1961 மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறரைக்குக் கிளம்பினார்கள். பாலத்தின் நடுவில் ரேடியேட்டர் கொதித்து ஆவி முன் கண்ணாடியை மூடியது. மணி ஆறு நாற்பத்திரண்டு. ஓடியது பன்னிரண்டே நிமிஷம். சூடான என்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று சலாம் நூறு தடவை சொல்லியிருந்தார், தைரியராஜுக்கு அது தெரியும். ஆனால் பின்னால் வரிசையாக வண்டிகள் நின்று ஹாரன் அடித்தன. வாளியில் காவேரித் தண்ணீரை வாங்கி அப்படியே ஊற்றினார். உள்ளே ஓடு உடைவதுபோல ஒரு சத்தம் கேட்டது. சிலிண்டர் பிளாக்கில் மேலிருந்து கீழ் வரை ஒரு கோடு ஓடியது, அதன் வழியாகத் தண்ணீர் அழுவதுபோலக் கசிந்தது. பன்னிரண்டு நிமிஷத்துக்கு நாலு மணி நாற்பத்தெட்டு நிமிஷம். பதினொன்றரை வரைக்கும்தான் அவளுக்கு மூச்சு இருந்தது.

அவர் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் தலையை மோதிக்கொண்டார். அற்புதம்மாள் இறங்கி வந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அழுறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு. ஸ்ரீரங்கத்துல இன்னொண்ணு இருக்குன்னு சொல்லியிருக்கீங்கல்ல? நடங்க" என்றாள். மாம்பழச் சாலைக்கு வைக்கோல் ஏற்றிப் போன ஒரு மாட்டு வண்டிக்காரர் கயிறு கொடுத்தார். முதலில் எந்த வழியாக வந்ததோ அதே வழியாக நண்டு மாட்டின் பின்னால் திரும்பிப் போனது. அவளை வடக்கு உத்திர வீதியில் விட்டுவிட்டு, தைரியராஜ் டவுன் பஸ் பிடித்து மரக்கடைக்கு ஓடி, சலாமைக் கருவிப் பெட்டியோடு ஒரு செங்கல் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தபோது மணி எட்டேகால்.

சலாம் பிளாக்கைத் தடவிப் பார்த்தார். "வெல்டிங் நிக்காது சார். வார்ப்பு இரும்பு. இது போயிடுச்சு" என்றார்.

சடகோபாச்சாரியார் கொட்டகையைத் திறந்துவிட்டார். அவருக்கு அப்போது அறுபத்தெட்டு வயது, தனியாக இருந்தார். உள்ளே நின்ற இரண்டாவது வண்டி பன்னிரண்டு வருடமாகக் கிளம்பியதில்லை. ஆனால் துருவில்லை, ஒட்டடையில்லை. தினம் துடைக்கும் கை ஒன்று அதில் தெரிந்தது. "உங்க ஆத்துக்காரியை முன்னால உக்காத்தி வெச்சுக்கோங்கோ. பின்னால மட்டும் யாரும் ஏற வேண்டாம்" என்றார். சலாம் பழைய பெட்ரோலை வடித்து, பிளக்குகளைத் துடைத்து, மாற்றி மாற்றிக் கைப்பிடியைச் சுழற்றினார். ஒன்பதரைக்கு என்ஜின் கிளம்பியது. புதிய வண்டிபோல நிதானமாக ஓடியது. அற்புதம்மாள் முன் இருக்கையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். பிறகு தலையை ஆட்டினாள். "சேரலைங்க. அது தனியா ஓடுது, நான் தனியா இருக்கேன்."

தைரியராஜ் தரையில் உட்கார்ந்துவிட்டார். சலாம்தான் யோசித்துச் சொன்னார்: "சார், அம்மாவுக்கு மூச்சு குடுக்கிறது அந்த வண்டி. அதுக்கு ஓடுற என்ஜின் ஒண்ணு வேணும், அவ்வளவுதான். இதுல இருக்கிறதைக் கழட்டி அதுல மாட்டுனா, இன்ஷா அல்லா வரும். ரெண்டும் ஒரே மாதிரிதான்."

மூன்று பேரும் சடகோபாச்சாரியாரைப் பார்த்தார்கள்.  பின் கதவில்லாத அந்த வண்டிக்குள் அவர் குனிந்து, தைரியராஜின் கையைப் பிடித்துப் பின் இருக்கையின் மேல் வைத்தார். தோல் நனைந்து ஜில்லென்றிருந்தது. விரலில் மணல் ஒட்டியது. ஆற்று மணல். "என் பிள்ளை வரதன். நாற்பத்தொன்பதுல கொள்ளிடத்துக்குக் குளிக்கப் போனான், பதினோரு வயசு. அதுக்கு மறுநாளிலேர்ந்து விடியக்காலம் இங்கே வந்து உக்காந்துட்டுப் போறான். நான் பார்த்ததில்லை. ஈரம் இருக்கும், மணல் இருக்கும், ஒருநாள் ஒரு சின்ன மீன் இருந்தது. இந்த வண்டியிலே ஒரு ஆணியைக்கூட நான் மாத்தினது கிடையாது. மாத்தினா அவனுக்கு அடையாளம் தெரியாமப் போயிடுமோன்னு பயம்" என்றார். விலை கேட்டவர்களுக்குப் பதில் சொல்வது போல நிதானமாகத்தான் சொன்னார்.

மணி பத்தாகிவிட்டது. தைரியராஜால் கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் போகவும் முடியவில்லை. வகுப்பில் பையன்கள் விடை தெரியாமல் நிற்பதைப்போல அவர் நின்றார். அற்புதம்மாள்தான் முன் இருக்கையிலிருந்து மெல்ல இறங்கினாள். அவள் மார்பில் விசில் தொடங்கியிருந்தது. "வேண்டாங்க. நான் ஆறு வருஷம் கூடுதலாவே இருந்துட்டேன். ஐயாவோட புள்ளையைக் கலைக்காதீங்க. என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, நம்ம வீட்டுல படுத்துக்குறேன்" என்றாள்.

தைரியராஜ் அவளைத் தாங்கிக்கொண்டு வாசல் வரை நடந்தார். பின்னால் சடகோபாச்சாரியாரின் குரல் கேட்டது. அது சலாமைப் பார்த்துச் சொன்னது. "கழட்டுங்கோ."

சலாம் நகரவில்லை. "யோசிச்சுச் சொல்லுங்க சாமி."

"யோசிச்சா மாட்டேன்னுடுவேன். சீக்கிரம் கழட்டுங்கோ."

அந்த என்ஜினை இரண்டு ஆள் தூக்கலாம். சலாமும் தைரியராஜும் தூக்கினார்கள், சடகோபாச்சாரியார் அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தார். நண்டின் பழைய என்ஜினில் ஒரு போல்ட் துருப்பிடித்து இருபது நிமிஷம் தின்றது. பதினொன்றரைக்கு இன்னும் மூன்று போல்ட் பாக்கி. அற்புதம்மாள் நண்டின் முன் இருக்கையில் ஒருக்களித்துக் கிடந்தாள். சொன்ன நேரத்துக்கு, ஒரு நிமிஷம் முன்னும் இல்லை பின்னும் இல்லை, அவள் மூச்சு நின்றது. சலாம் போல்ட்டை முடுக்கினார். தைரியராஜ் கைப்பிடியைச் சுழற்றினார். கிளம்பவில்லை. பதினான்கு தடவை சுழற்றினார். கைப்பிடி எதிர்த்து அடித்து அவர் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. பதினைந்தாவது தடவையை இடது கையால் சுழற்றினார். என்ஜின் பிடித்துக்கொண்டது. அவள் நீல உதடுகளோடு அப்படியே கிடந்தாள். ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. தைரியராஜ் ஆறு வருடத்தில் முதல் முறையாக எந்த முள்ளையும் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் மார்பு டக என்று ஒரு தடவை ஏறியது. பிறகு டக டக டக.

மறுநாள் விடியற்காலையில் ஸ்ரீரங்கத்துக் கொட்டகையில் பின் இருக்கை காய்ந்திருந்தது. அதற்கடுத்த நாளும் காய்ந்திருந்தது. தைரியராஜ் கையில் கட்டோடு, ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டு, தினம் காலை ஓட்டத்தில் வடக்கு உத்திர வீதி வரை வந்து பார்ப்பார். சடகோபாச்சாரியார் காய்ந்த தோலின் மேல் உள்ளங்கையை வைத்து உட்கார்ந்திருப்பார். "வாங்கோ" என்பார், "ஆத்துக்காரி சௌக்கியமா?" என்பார், வேறு பேச்சில்லை. ஐந்தாம் நாளிலிருந்து அவர் சாப்பிடுவது குறைந்தது. பத்தாம் நாள் தைரியராஜ் வாசலோடு திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு அந்தத் தெருப்பக்கம் போகவில்லை. "அவர் புள்ளையோட மூச்சைத்தான் நான் விட்டுக்கிட்டு இருக்கேன்" என்று அற்புதம்மாள் சொல்வாள். சொல்லிவிட்டு வண்டியில் ஏற மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தைரியராஜ் கெஞ்சுவார், பிறகு தூக்கி உட்கார வைப்பார். அந்த நாட்களில் பாலக்கரைக்காரர்கள் ஆறரை மணிக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

இருபத்திரண்டாம் நாள், பாலத்தைத் தாண்டும்போது, அவள் கழுத்தின் பின்னால் குளிர்ச்சியாக ஒரு சொட்டு விழுந்தது. திரும்பிப் பார்த்தாள். பின் இருக்கையின் இடப்பாதி நனைந்திருந்தது, கீழே தகரத்தில் மணல் கிடந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து பாலக்கரைக்கு வழி கண்டுபிடிக்கப் பையனுக்கு அத்தனை நாள் ஆகியிருக்க வேண்டும் என்று பிற்பாடு ஊரில் சொன்னார்கள். என்ஜின் சத்தத்தைக் கேட்டு வந்திருப்பான் என்று சலாம் சொன்னார். அற்புதம்மாள் அப்போதே கணவர் பக்கம் திரும்பினாள். "நிறுத்தாம நேரா அவர் வீட்டுக்கு ஓட்டுங்க" என்றாள்.

சடகோபாச்சாரியார் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார். அற்புதம்மாள் இறங்கி முன் இருக்கையை மடக்கினாள். "ஐயா, ஏறி உக்காருங்க. வந்திருக்கான்" என்றாள். அவர் குனிந்து, பின்னால் வலப்பாதியில், முழங்காலை மோவாய் வரை மடக்கி உட்கார்ந்தார். கையை இடப்பாதியில் வைத்தார். "இவ்வளவு தூரம் எப்படிடா தனியா வந்தே" என்று கேட்டார். தைரியராஜ் அன்று பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. கல்லணை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பினார்.

அதற்குப் பிறகு நாலு வருடம் தினமும் காலையில் மூன்று பேர் போனார்கள். ஈரத்தைச் சேர்த்தால் நாலு. சடகோபாச்சாரியார் பின்னால் உட்கார்ந்து அன்றைய பேப்பரில் இருந்ததையும், கோயிலில் என்ன உற்சவம் என்பதையும் சொல்லிக்கொண்டு வருவார். 1965 மார்கழியில், ஏகாதசி கழிந்து மூன்றாம் நாள் அவர் காலமானார். அன்று காலையும் இருக்கை நனைந்திருந்தது, மறுநாளும் நனைந்திருந்தது. இனிமேல் அவன் எதற்கு வருகிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

என்ஜின் மாற்றியதை வண்டியின் சர்க்கார் புத்தகத்தில் பதியாமலே விட்டிருந்தது 1966-இல்தான் தைரியராஜுக்கு உறைத்தது. காலை ஓட்டத்தில் வண்டியை மோட்டார் வாகன இன்ஸ்பெக்டரிடம் கொண்டுபோனார். சேலத்திலிருந்து மாற்றலாகி வந்தவர் அவர், ஊர்க் கதை தெரியாது. என்ஜினை அணைக்கச் சொன்னார். இன்னும் எட்டு நிமிஷம் பாக்கி இருக்கிறது, பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று தைரியராஜ் சொன்னார். இன்ஸ்பெக்டர் ஓடுகிற என்ஜினிலேயே நம்பரைக் குனிந்து படித்தார். விளக்கு, பிரேக், ஹாரன் எல்லாம் பார்த்தார். பிறகு பின்னால் கையை விட்டு இருக்கையைத் தொட்டு, கையை வெளியே எடுத்துப் பார்த்தார்.

"பின்னால யாரும்மா?" என்றார்.

"எங்க பையன் சார்" என்றாள் அற்புதம்மாள்.

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டார். புத்தகத்தைத் திறந்து, புதிய என்ஜின் நம்பரை எழுதினார். அதற்குக் கீழே, பின் இருக்கை ஈரம், மற்றபடி வண்டி நல்ல நிலையில் உள்ளது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, மை காய்வதற்காக இரண்டு தடவை ஊதிக் கொடுத்தார்.